லா டோல்சே வீட்டா: எல்லோரும் பார்க்கிறார்கள், யார் காதிலும் விழவில்லை

1960 பிப்ரவரி. மிலான் நகரத்தின் கேபிட்டல் திரையரங்கில் படம் முடிந்து விளக்கு எரிந்ததும், விலையுயர்ந்த கோட்டும் நகையுமாக வந்திருந்த கூட்டம் ஊளையிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வர முயன்ற இயக்குநர் ஃபெடரிகோ ஃபெலினியின் மேல் ஒருவர் காறித் துப்பினார். கதாநாயகன் மார்செல்லோ மாஸ்ட்ரோயானிக்கு முகத்துக்கு நேரே வசவு கிடைத்தது. வத்திக்கானின் நாளேடான ‘லோசெர்வாத்தோரே ரோமானோ’ படத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியது. கத்தோலிக்கத் திரைப்பட மையம், யாருமே பார்க்கத் தகாத படம் என்று முத்திரை குத்தியது. விவகாரம் இத்தாலிய நாடாளுமன்றம்வரை போனது. தடை வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஜனங்கள் திரையரங்குகளில் முண்டியடித்தார்கள். இத்தாலியில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. கறுப்பு வெள்ளையில், மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஓடுகிற, இன்னதுதான் கதை என்று சொல்ல முடியாத ஒரு படத்துக்குக் கிடைத்த வரவேற்பு இது.

‘லா டோல்சே வீட்டா’, அதாவது ‘இனிய வாழ்வு’. அந்த ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் படத்துக்குத் தங்கப் பனை விருது கிடைத்தது. நடுவர் குழுவின் தலைவர் துப்பறியும் நாவலாசிரியர் ஜார்ஜ் சிமெனோன்.

இவ்வளவு ஆத்திரம் எதற்கு வந்தது? இன்று படம் பார்க்கிற எவருக்கும் இந்தக் கேள்வி எழும். ஒரு பெண் விருந்தில் உடை களைகிற காட்சி உண்டு. அதில் கண்ணுக்குத் தெரிவது சொற்பம். மிலான் சீமான்களை உறுத்தியது உடம்பு இல்லை என்றே நினைக்கிறேன். இந்தப் படத்தில் யாருக்கும் தண்டனை கிடைப்பதில்லை, யாரும் திருந்துவதில்லை, யாரும் எழுந்து நின்று நீதி பேசுவதுமில்லை. ஃபெலினி அந்த விருந்துகளின் நடுவே கேமராவை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்து அவர் கண்டது பாவத்தைவிடத் துயரமான ஒன்று. படம் முழுக்க மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் ஏறுவதே இல்லை. நட்சத்திர மோகத்தைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துபோன பிறகும் இது ஒன்று மட்டும் பழசாகாமல் நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

டைபர் நதிக்கரையில் ஹாலிவுட்

படத்துக்குள் போகுமுன் அன்றைய ரோம் நகரத்தைப் பார்த்துவிட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, தன் சினிமாத் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள, இத்தாலி ஓர் ஏற்பாடு செய்தது. அமெரிக்கப் படங்கள் அங்கே சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதியை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அங்கேயே செலவழிக்க வேண்டும். முடங்கிக் கிடந்த அந்த லிராக்களைச் செலவழிக்க ஹாலிவுட் நிறுவனங்கள் ரோமுக்கே வந்து படமெடுத்தன. முசோலினி 1937இல் திறந்துவைத்த சினெசிட்டா ஸ்டூடியோ, போர் முடிந்த காலத்தில் அகதிகள் முகாமாக இருந்தது. அதே வளாகத்தில் 1951இல் ‘குவோ வாடிஸ்’, 1953இல் ‘ரோமன் ஹாலிடே’, 1959இல் ‘பென்ஹர்’ என்று வரிசையாகப் படங்கள் உருவாயின. பத்திரிகைகள் ரோமை ‘டைபர் நதிக்கரை ஹாலிவுட்’ என்றே எழுதத் தொடங்கின.

நட்சத்திரங்கள் தங்கிய பெரிய ஹோட்டல்களும், அவர்கள் நள்ளிரவில் வந்து உட்காரும் நடைபாதை காபிக் கடைகளும் ஒரே தெருவில் இருந்தன. வியா வெனெட்டோ. அந்தத் தெருவில் ஸ்கூட்டரும் ஃபிளாஷ் விளக்குமாகக் காத்துக் கிடந்தது ஒரு புதுக்கூட்டம். அவர்களில் பெயர்பெற்றவர் டாட்சியோ செக்கியரோலி. ரோமின் ஏழ்மையான புறநகர் ஒன்றில் பிறந்தவர். ஊர் சுற்றிப் பார்க்க வந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் படம் பிடித்துக் கொடுத்துப் பிழைப்பைத் தொடங்கியவர். நடிகை சிரித்தபடி நிற்கும் படத்துக்குப் பத்திரிகைகள் கொடுப்பது சொற்பம். அதே நடிகை முகத்தை மூடிக்கொண்டு ஓடினால் விலை ஏறும். கூட வந்தவர் கோபத்தில் கேமராக்காரர் மேல் பாய்ந்துவிட்டால் இன்னும் ஏறும். ஆகவே பாய வைப்பதே தொழிலானது. 1958 ஆகஸ்ட்டில் ஒரே இரவில், எகிப்தின் முன்னாள் மன்னர் ஃபாரூக் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து பாய்ந்த படமும், நடிகை அனிதா எக்பெர்கின் கணவர் ஆன்டனி ஸ்டீல் புகைப்படக்காரர்களைத் துரத்திய படமும் கிடைத்தன. அந்தக் கோடைக்குப் பிறகு அது ஒரு சந்தையாகவே நிலைபெற்றது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1953 ஏப்ரலில் ரோமுக்குத் தெற்கே டோர்வயானிகா கடற்கரையில் வில்மா மொன்டேசி என்ற 21 வயதுப் பெண்ணின் உடல் ஒதுங்கியது. பெரிய இடத்து விருந்துகள், போதைப் பொருள் என்று வதந்திகள் கிளம்பின. வெளியுறவு அமைச்சர் அட்டிலியோ பிச்சோனியின் மகன் பெயர் அடிபட்டது. அமைச்சர் 1954இல் பதவி விலகினார். மகன் 1957இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அந்தப் பெண் எப்படி இறந்தாள் என்பது இன்றுவரை துலங்கவில்லை. நான்கு ஆண்டுகள் அந்தச் சாவைச் சுற்றிப் பத்திரிகைகள் அச்சடித்துத் தள்ளின. செல்வந்தர் வீட்டுத் திரைச்சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்க்கும் ருசியை நாடு அப்போது பழகிக்கொண்டது. மொன்டேசி என்ற மனுஷி அந்தக் காகிதக் குவியலுக்குள் எங்கேயோ தொலைந்துபோனாள்.

ஃபெலினிக்கு இந்த உலகம் அந்நியமில்லை. ரிமினி என்ற கடற்கரை ஊரில் 1920இல் பிறந்து, 1939இல் ரோமுக்கு வந்து, ‘மார்க்கவுரேலியோ’ என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் படம் வரைந்தும் துணுக்கு எழுதியும் வாழ்ந்தவர். அவருக்குச் சினிமாவின் கதவைத் திறந்துவிட்டவர் ரொபெர்ட்டோ ரொசெல்லினி. அந்த ரொசெல்லினியையே, முதலில் இங்கிரிட் பெர்க்மன் விஷயத்திலும், 1957இல் இந்தியாவில் படமெடுக்கப் போன இடத்தில் சோனாலி தாஸ்குப்தா விஷயத்திலும், உலகப் பத்திரிகைகள் ஓட ஓட விரட்டியதை அருகிலிருந்து பார்த்தவர். படத்துக்கான வேலையைத் தொடங்கியபோது செக்கியரோலியையும் அவருடைய சகாக்களையும் சாப்பிட அழைத்து, அவர்கள் சொன்ன வேட்டைக் கதைகளையெல்லாம் கேட்டுக்கொண்டார். குழந்தைகள் கண்ணுக்கு மாதா தெரிந்ததாகக் கூட்டம் கூடிய சம்பவம், டிராஸ்டெவெரே பகுதி விடுதி ஒன்றில் நடனக்காரி உடை களைந்த இரவு என்று படத்தின் பல காட்சிகளுக்கு, அதற்கு முந்தைய இரண்டொரு ஆண்டின் செய்தித்தாள்களிலேயே மூலம் இருக்கிறது.

தயாரிப்பாளராக முதலில் முன்வந்த டீனோ டி லாரன்டிஸ், கதாநாயகனாக அமெரிக்க நடிகர் பால் நியூமனைப் போட வேண்டும் என்றார். ஃபெலினிக்கு வேண்டியிருந்தது கூட்டத்தில் கலந்துவிடுகிற ஒரு சாதாரண முகம். மாஸ்ட்ரோயானியை அவர் விடவில்லை, லாரன்டிஸ் விலகினார், பத்திரிகை அதிபர் ஆஞ்செலோ ரிட்சோலி பணம் போட்டார். என்னியோ ஃப்ளயானோ, டுலியோ பினெல்லி, புருனெல்லோ ரொண்டி ஆகியோர் ஃபெலினியோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். 1959 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கியது. நிஜ வியா வெனெட்டோவில் எடுக்க வசதியில்லை என்று கலை இயக்குநர் பியெரோ கெரார்டி சினெசிட்டாவுக்குள்ளேயே அந்தத் தெருவை எழுப்பினார். நிஜத் தெரு மேடு ஏறும். கெரார்டியின் தெரு சமதளம். திரையில் பார்த்தவர்களின் மனத்தில் தங்கிப்போனது சமதளத் தெருதான்.

பேச்சு எட்டாத தூரம்

மார்செல்லோ ரூபினி சின்ன ஊரிலிருந்து ரோமுக்கு வந்த பத்திரிகைக்காரன். நாவல் எழுத வேண்டும் என்பது கனவு. கிசுகிசு எழுதுவது பிழைப்பு. அவனோடு எம்மா என்ற பெண் வாழ்கிறாள். அவளை விட்டுப் போகவும் மாட்டான், அவளோடு இருக்கவும் மாட்டான். இரவு ஒன்று, அதை முடித்துவைக்கும் விடியல் ஒன்று என்று அத்தியாயம் அத்தியாயமாகப் படம் நகர்கிறது. ஒவ்வொரு விடியலிலும் அவன் இன்னும் கொஞ்சம் சோர்ந்திருக்கிறான்.

முதல் காட்சியிலேயே ஃபெலினி சொல்லிவிடுகிறார். கைகளை விரித்த கிறிஸ்துவின் சிலையைத் தொங்கவிட்டபடி ஒரு ஹெலிகாப்டர், பழைய ரோமானியக் கால்வாய்ச் சுவர்களையும் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளையும் கடந்து பறக்கிறது. பின்னாலேயே இன்னொன்றில் மார்செல்லோவும் அவனுடைய புகைப்படக்காரனும். ஒரு மொட்டை மாடியில் வெயில் காயும் பெண்களைப் பார்த்ததும் ஹெலிகாப்டரை அங்கேயே நிறுத்தி வட்டமடிக்க வைக்கிறான். தொலைபேசி எண் கேட்கிறான். இறக்கைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கை ஜாடை, சிரிப்பு, அவ்வளவுதான். தேவாலயக்காரர்கள் கிறிஸ்துவை அவமதித்துவிட்டதாகச் சீறினார்கள். எனக்கு அந்தக் காட்சியில் உறைப்பது அந்த இரைச்சல்.

பிறகு ஹாலிவுட் நடிகை சில்வியா விமானத்திலிருந்து இறங்குகிறாள். அனிதா எக்பெர்க். புகைப்படக்காரர்களுக்காக அவள் மறுபடியும் இறங்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. பத்திரிகையாளர் சந்திப்பில் மாறி மாறிக் கேள்விகள். பாதிக் கேள்விகளுக்கு விடை முன்கூட்டியே தயார். இத்தாலியின் நியோரியலிச சினிமா உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று ஒருவர் கேட்கிறார். உயிரோடு இருப்பதாகச் சொல்லும்படி பக்கத்திலிருக்கும் மொழிபெயர்ப்பாளர் அவளிடம் கிசுகிசுக்கிறார். ரொசெல்லினியோடு ‘ரோம், திறந்த நகரம்’ படத்தின் திரைக்கதையில் உழைத்த ஃபெலினி, போர்க்கால ஏழைகளின் முகங்களை உலகுக்குக் காட்டிய அந்த இயக்கத்தையே இப்படி ஒரு கிசுகிசுப்பில் கடந்துபோகவைக்கிறார். அவருக்கு அது வலித்திருக்க வேண்டும்.

ட்ரெவி நீரூற்றுக் காட்சி தெரியாதவர்கள் குறைவு. கறுப்பு உடையோடு சில்வியா நள்ளிரவில் தண்ணீருக்குள் இறங்குகிறாள், மார்செல்லோவைக் கூப்பிடுகிறாள். எடுத்தபோது கடும் குளிர். எக்பெர்க் சலிக்காமல் மணிக்கணக்கில் தண்ணீரில் நின்றார். மாஸ்ட்ரோயானி கோட்டுக்குள்ளே நீச்சல் வீரர்களின் ரப்பர் உடையை அணிந்துகொண்டு, வோட்காவும் குடித்துக்கொண்டு நின்றார் என்று ஃபெலினியே சொல்லியிருக்கிறார். சுவரொட்டிகளும் சுற்றுலா விளம்பரங்களும் வெட்டிவிடுகிற பகுதி ஒன்று அந்தக் காட்சியில் உண்டு. மார்செல்லோ அவள் முகத்தருகே கையைக் கொண்டுபோகிறான், தொடவில்லை. அவள் தன் விரல் நுனியிலிருந்து அவன் தலையில் நீர் சொட்டவிடுகிறாள். அந்த நொடியில் நீரூற்று நின்றுபோகிறது. பொழுது விடிந்துவிட்டது. ரொட்டி கொண்டுபோகும் பையன் ஒருவன் சைக்கிளோடு நின்று இருவரையும் வெறித்துப் பார்க்கிறான். காதல் காட்சியாக உலகம் கொண்டாடுவதில் காதலும் நடக்கவில்லை, பேச்சும் நடக்கவில்லை. ஹோட்டல் வாசலுக்குத் திரும்பினால், காத்திருந்த காதலன் அவளை அறைகிறான், மார்செல்லோவையும் அடிக்கிறான். புகைப்படக்காரர்கள் அதையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நீரூற்றைவிட எனக்கு நெருக்கமானது மார்செல்லோவின் தகப்பனார் வரும் இரவு. ஊரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் விற்பனைக்காக ஊர் ஊராகச் சுற்றியவர். மகன் அவரை இரவு விடுதிக்கு அழைத்துப்போகிறான். ஷாம்பெயின், நடனம், ஃபேன்னி என்ற நடனக்காரியின் சிரிப்பு. அப்பா இருபது வயது குறைந்தவராகிறார். ஒரு வயதான கோமாளி தனியாக டிரம்பெட் வாசித்தபடி போக, தரையில் கிடந்த பலூன்கள் அவன் பின்னாலேயே நகர்ந்துபோகின்றன. பிறகு ஃபேன்னியின் வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. மகன் ஓடிவரும்போது, அவர் சட்டையோடு ஜன்னலுக்கு நேரே நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். முதல் ரயிலுக்கே போகவேண்டும் என்கிறார். சின்ன வயதில் உங்களைப் பார்த்ததே இல்லையே, ஒரு நாள் இருங்கள், பேசுவோம் என்று மகன் கெஞ்சுகிறான். மூன்று மணி நேரப் படத்தில் அவன் மனதாரக் கேட்பது இது ஒன்றுதான். அப்பா டாக்சியில் ஏறிப் போய்விடுகிறார். தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளாத வீடுகளை அறிந்த யாரும் இந்தக் காட்சியைச் சுலபமாகக் கடக்க முடியாது.

பிரபுக்களின் கோட்டையில் வரும் விருந்து நீளம் அதிகம். ஃபெலினி நிஜமான பிரபுகுலத்தாரையே அங்கே நடிக்கவைத்ததில் அவருக்கு இருந்த குதூகலம் படத்தின் வேகத்தைத் தின்றுவிட்டது என்பேன். ஆனால் அந்த நீளத்துக்குள் ஒரு ரத்தினம் இருக்கிறது. ஆனூக் எமே நடித்த மத்தலேனா, பணக்காரி, எதிலும் பிடிப்பில்லாதவள். அவள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசினால் அது கல்லின் வழியாகத் தொலைவிலிருக்கும் இன்னொரு அறையில் ஒலிக்கிறது. முகம் தெரியாத அந்தத் தூரத்தில்தான் அவளுக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வருகிறது. என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறாள். மார்செல்லோவும் உருகுகிறான், இதுவரை யாரிடமும் பேசாததையெல்லாம் பேசுகிறான். அதற்குள் யாரோ ஒருவன் வந்து அவளை முத்தமிடத் தொடங்கிவிட்டான். மார்செல்லோ வெற்று அறையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறான்.

ஸ்டெய்னர் விஷயம் வேறு. மார்செல்லோ மதிக்கும் ஒரே மனிதர். தேவாலய ஆர்கனில் பாக்கின் இசையை வாசிப்பவர். வீடு நிறையப் புத்தகம், ஓவியம், நண்பர்கள், அழகான இரண்டு குழந்தைகள். அவர் வீட்டு விருந்தில் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, மழையையும் இடியையும் பறவைக் குரலையும் விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டுகிறார். இயற்கையையும் நாடாவில் பிடித்து வைத்துக்கொண்டு வரவேற்பறையில் கேட்கிற வாழ்க்கை. தனக்குள்ளே அவர் சுமக்கும் அச்சத்தை மார்செல்லோவிடம் கோடி காட்டுகிறார். மார்செல்லோ அவரைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பதால் அது அவனுக்குக் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் ஸ்டெய்னர் தன் இரு குழந்தைகளையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போகிறார். விருந்துக்கு வந்த கவிஞர்களின் பேச்சு எனக்கு இன்றும் செயற்கையாகவே படுகிறது. ஃபெலினிக்கு அறிவுஜீவிகளைவிடக் கோமாளிகளை நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தச் சாவுக்குப் பிறகு வரும் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

ஸ்டெய்னரின் மனைவிக்கு நடந்தது இன்னும் தெரியாது. வெளியே போனவள் பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறாள். அவளை அடையாளம் காட்ட மார்செல்லோ போலீஸ் அதிகாரியோடு நிற்கிறான். புகைப்படக்காரர்களுக்கும் தகவல் போயிருக்கிறது. அவள் இறங்கி நடந்து வருகிறாள். பூச்சிக் கூட்டம்போல அவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். ஃபிளாஷ், ஃபிளாஷ், ஃபிளாஷ். அவளுக்குப் புரியவில்லை. முதலில் சிரிக்கிறாள். என்னை நடிகை என்று நினைத்துக்கொண்டீர்களா என்று கேட்கிறாள். தன் குழந்தைகள் இறந்த செய்தி எட்டுவதற்கு முன்பே அவள் முகம் விற்பனைக்குப் போய்விட்டது. அந்த முகத்தில் துயரம் படரும் கணம் எப்போது வரும் என்று கேமராக்கள் காத்திருக்கின்றன.

பத்திரிகையில் வேலை செய்கிற எவரும் இந்தக் காட்சியைத் தலைநிமிர்ந்து பார்க்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. விபத்து நடந்த வீட்டு வாசலில் மைக்கை நீட்டி, இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று தாயிடம் கேட்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் வந்துவிட்டது. எல்லாக் கைகளிலும் இன்று கேமரா இருக்கிறது. ஃபெலினி அந்தக் காட்சியில் மார்செல்லோவைப் புகைப்படக்காரர்களுக்கு நடுவே வைக்காமல் போலீஸ்காரர் பக்கத்தில் நிறுத்துகிறார். அவன் எதுவும் செய்வதில்லை. ஒரு வார்த்தை சொல்லி அவர்களை அவன் தடுத்திருக்கலாம். அந்தப் புகைப்படக்காரர்களில் ஒருவன், ஆண்டுக்கணக்கில் அவனோடு சேர்ந்து திரிந்தவன். அவன் பெயர் பாப்பராட்சோ.

அந்தப் பெயர் ஜார்ஜ் கிஸ்ஸிங் என்ற ஆங்கில எழுத்தாளரின் தென் இத்தாலியப் பயண நூலில் வரும் ஒரு ஹோட்டல்காரருடையது என்று ஃப்ளயானோ எழுதியிருக்கிறார். பன்மையில் ‘பாப்பராட்சி’. சில ஆண்டுகளில் அது உலக மொழிகளிலெல்லாம் ஒரு தொழிலின் பெயரானது. 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் சுரங்கப்பாதையில் இளவரசி டயானா இறந்தபோது உலகம் முழுக்க உச்சரித்த சொல் அது. கார் ஓட்டுநரின் படுமோசமான கவனக்குறைவும், பின்தொடர்ந்த வாகனங்களின் ஓட்டமும் அந்தச் சாவுக்குக் காரணம் என்று 2008இல் லண்டன் விசாரணையில் நடுவர்கள் முடிவு சொன்னார்கள்.

கடைசி விருந்துக்கு வரும்போது மார்செல்லோ எழுத்தை முழுதாகக் கைகழுவியிருக்கிறான். இப்போது அவன் விளம்பர ஏஜென்ட். காசு கொடுத்தால் யாரையும் புகழ்ந்து எழுதித் தருவான். நாடியா என்ற பெண் தன் திருமணம் ரத்தானதைக் கொண்டாட உடை களைவது இந்த விருந்தில்தான். பார்க்கிறவர்களின் முகத்தில் ஆசைகூட இல்லை, அலுப்புதான் இருக்கிறது. மார்செல்லோ குடித்துவிட்டு ஒரு பெண்ணின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறான், தலையணையைக் கிழித்து அவள்மேல் இறகுகளை ஒட்டுகிறான். சுகம் தேடி வந்தவர்கள் சுகத்தையே மறந்துபோன அந்த அறை, படத்திலேயே மிகவும் மூச்சு முட்டுகிற இடம். அங்கிருந்து கடற்கரைக்கு வருகிறார்கள். மீனவர்கள் வலையில் இழுத்துப் போட்ட பெரிய, உருத்தெரியாத மீன் ஒன்று செத்துக் கிடக்கிறது. கண் மட்டும் திறந்திருக்கிறது. இது இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறதே என்கிறான் மார்செல்லோ.

வாய்க்கால் போன்ற நீர்ப்பிரிவுக்கு அப்பால் ஒரு பெண் நின்று அவனைக் கூப்பிடுகிறாள். பாவோலா. முன்பொரு பகலில், கடலோரச் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தவள். உம்ப்ரியா தேவாலயச் சித்திரங்களில் வரும் தேவதை மாதிரி இருக்கிறாய் என்று அவன் அன்று சொன்னான். விமர்சகர்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவளைக் களங்கமின்மையின் வடிவம், அருளின் அழைப்பு என்றெல்லாம் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேவதை என்று சொன்னவன் மார்செல்லோ. எந்தப் பெண்ணையும் ஒரு படமாக மாற்றாமல் அவனால் பார்க்க முடியாது. பாவோலா தன்னைப் பற்றிச் சொன்னது வேறு. ஊர் ஞாபகம் வருகிறது, டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள ஆசை என்றாள். அந்தப் படத்தில் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த மிகச் சிலரில் அவள் ஒருத்தி. அலைச் சத்தத்தில் அவள் சொல்வது அவனுக்கு எட்டவில்லை. கையை விரித்துவிட்டு விருந்துக் கூட்டத்தோடு போய்விடுகிறான்.

இப்படிச் சொல்லிவரும்போது ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எம்மாவுக்குப் படம் நியாயம் செய்யவில்லை. அவள் அழுகிறாள், விஷம் குடிக்கிறாள், ஊட்டுகிறாள், தொலைபேசியில் கெஞ்சுகிறாள். மார்செல்லோவின் கழுத்தை நெரிக்கும் பாசமாகவே கேமரா அவளைக் காட்டுகிறது. நடுரோட்டில் இரவு முழுக்க அவர்கள் போடும் சண்டையில் அவள் சொல்வதில் பாதி சரி. யாரும் யாரையும் கேட்காத உலகத்தைப் படமெடுத்த ஃபெலினி, எம்மாவைத் தாமே முழுசாகக் கேட்கவில்லை.

நீரூற்றுக்குப் பின்

திருச்சபைக்குள்ளேயே படத்துக்கு ஆதரவுக் குரல்களும் எழுந்தன. மிலானில் இயேசு சபையைச் சேர்ந்த நசரேனோ தத்தேய் என்ற பாதிரியார், இது ஆழ்ந்த சமய உணர்வு கொண்ட படம் என்று எழுதி, மேலிடத்தின் கோபத்துக்கு ஆளானார். சலசார் ஆண்ட போர்ச்சுகலிலும் ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினிலும் படத்துக்கு அனுமதியில்லை. அமெரிக்காவில் 1962 ஆஸ்கர் விழாவில் கெரார்டிக்கு ஆடை வடிவமைப்புக்கான விருது கிடைத்தது. நடந்ததைப் பாருங்கள்: வெறுமையைக் காட்ட எடுத்த படத்திலிருந்து உலகம் கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் மட்டும் எடுத்துக்கொண்டது. ‘டோல்சே வீட்டா’ என்ற பெயரில் உலகமெங்கும் உணவகங்கள் வந்தன, வாசனைத் திரவியம் வந்தது. நீனோ ரோட்டாவின் இசை, சர்க்கஸ் கூடாரமும் சவ ஊர்வலமும் ஒன்றாகப் போவதுபோல ஒலிப்பது, விளம்பரங்களுக்குப் பின்னணியானது. ட்ரெவியில் இறங்குகிற சுற்றுலாப் பயணிகளுக்கு ரோம் நகராட்சி இன்றும் அபராதம் விதிக்கிறது.

செக்கியரோலி தெரு வேட்டையை விட்டுவிட்டார். ஃபெலினியின் படப்பிடிப்புகளில் புகைப்படம் எடுத்தார். சோஃபியா லாரனின் சொந்தப் புகைப்படக்காரராகப் பல ஆண்டுகள் இருந்தார். ஃபெலினி 1993 அக்டோபர் 31 அன்று இறந்தார். சினெசிட்டாவின் ஐந்தாம் எண் தளத்தில் அவர் உடலைக் கிடத்தினார்கள், ஜனங்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். 1996 டிசம்பரில் மாஸ்ட்ரோயானி பாரிஸில் இறந்தபோது ரோம் நகரம் ட்ரெவி நீரூற்றை நிறுத்தி, அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தியது.

எக்பெர்குக்கு என்ன ஆனது? 1987இல் ‘இன்டர்விஸ்டா’ என்ற படத்தில் ஃபெலினி, மாஸ்ட்ரோயானியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போகிறார். எக்பெர்குக்கு உடம்பு பெருத்திருக்கிறது, மாஸ்ட்ரோயானிக்குத் தலை நரைத்திருக்கிறது. மந்திரவாதி மாண்ட்ரேக் வேஷத்தில் வந்திருக்கும் மாஸ்ட்ரோயானி கோலை ஆட்ட, ஒரு வெள்ளைத் துணி எழும்புகிறது. அதில் பழைய நீரூற்றுக் காட்சி ஓடுகிறது. இருவரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எக்பெர்கின் கண் கலங்குகிறது. ஃபெலினி எடுத்தவற்றிலேயே மிக அன்பான நிமிடங்கள் அவை என்பேன்; ஒரு நடிகையின் முகத்தைக் கேமரா வேட்டையாடாமல் அவளோடு உட்கார்ந்து பார்க்கிறது. பிற்காலத்தில் எக்பெர்க் ரோமுக்கு வெளியே தனியாக வாழ்ந்தார். உடல்நலமும் பணமும் குன்றி, 2011இல் ரிமினியிலுள்ள ஃபெலினி அறக்கட்டளையிடம் உதவி கேட்கும் நிலை வந்தது. 2015 ஜனவரியில், 83 வயதில் இறந்தார். உலகப் பத்திரிகைகள் அஞ்சலிக் குறிப்போடு அதே நீரூற்றுப் படத்தைப் போட்டன.

ஃபெலினி என்னைப் புகழ்பெறச் செய்யவில்லை, நான்தான் அவரைப் புகழ்பெறச் செய்தேன் என்று எக்பெர்க் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். கிழட்டு நடிகையின் வீம்பு என்று அதைப் பலர் ஒதுக்கினார்கள். ஆனால் 1958இல், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, பியெர்லூயிஜி பிராதுர்லோன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்கள் இருக்கின்றன. நடனமாடிவிட்டுத் திரும்பும் இரவில், யாரும் சொல்லாமல், எக்பெர்க் தாமாகவே ட்ரெவி நீரூற்றுக்குள் இறங்கி நிற்கிறார். பத்திரிகையில் வந்த அந்தப் படங்களிலிருந்துதான் ஃபெலினிக்கு அந்தக் காட்சியே கிடைத்தது. சினிமா வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற காட்சி ஒன்றின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். திரையில் அவர் பெயர் நடிகர் பட்டியலில் மட்டுமே வருகிறது.